பாஸானாலும் வகுப்புக்குப் போக முடியாத பிப்ரவரி: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகப் பதிவு, கடன், போராட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், டர்பன் என்று தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரே மாதிரிச் செய்தி வரும். வாசலில் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், எதிரே பாதுகாவலர்கள் நிற்பார்கள், அட்டைகளில் 'பதிவு', 'கடன்' என்ற சொற்கள் இருக்கும். அந்த நாட்டில் வேலை பார்த்த காலத்தில் பதிவு நாட்களில் மாணவர்களோடு உட்கார்ந்து படிவங்கள் நிரப்பித் தந்திருக்கிறேன். அதனால் இங்கிருக்கும் நண்பர்களும் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ராண்ட் என்று வரும் இடங்களில், ஒரு ராண்டுக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும்.

"அட்மிஷன்தான் கிடைச்சாச்சே, அப்புறம் எதுக்குத் தனியா ரெஜிஸ்ட்ரேஷன்?"

அட்மிஷன் ஒரு தடவை. பதிவு ஆண்டுக்கு ஒரு தடவை. அங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் தேர்வுகளோடு முடியும். மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் மூன்று பிப்ரவரியிலும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இந்த ஆண்டு எந்தப் பாடங்களைப் படிக்கிறார் என்பதும் கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்பதும் அப்போதுதான் முடிவாகின்றன.

பதிவு ஆகவில்லை என்றால் அவர் அந்த ஆண்டு மாணவரே இல்லை. அடையாள அட்டை வாசலில் வேலை செய்யாது. இணையப் பாடத்தளம் திறக்காது, விடுதியில் இடம் உறுதியாகாது, தேர்வு எழுத முடியாது. உதவித்தொகையும் பதிவு ஆனவருக்குத்தான் வரும். இந்தக் கடைசி விஷயம் பின்னால் பெரிய சிக்கலாக வரும்.

"ஃபீ பிளாக்னு எழுதுறாங்களே, அது என்ன?"

போன ஆண்டுக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் பல்கலைக்கழகத்தின் கணினி இந்த ஆண்டுப் பதிவைத் தடுத்துவிடும். அதற்குத்தான் ஃபீ பிளாக் என்று பெயர். பாக்கி குறிப்பிட்ட தொகைக்குள் இருந்தால் சில பல்கலைக்கழகங்கள் விட்டுவிடும். சிலவற்றில் பாதியாவது கட்டினால்தான் திறக்கும். இது போதாதென்று, உதவித்தொகை இல்லாதவர்கள் புது ஆண்டுக்கென்று ஒரு முன்பணமும் கட்ட வேண்டும்.

தேர்வில் தோற்று வெளியேற்றப்படுவது ஒன்று, பணம் இல்லாமல் வெளியேற்றப்படுவது வேறு. அங்கே இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பிப்ரவரிப் போராட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றியவை. எல்லாப் பாடத்திலும் பாஸாகி, அடுத்த ஆண்டுக்குத் தகுதி பெற்று, பணத்தால் மட்டும் வெளியே நிற்கிற பிள்ளைகளைப் பற்றியவை.

"நம்மூர் கல்விக் கடன் மாதிரிதானே? வேலைக்குப் போய்க் கட்டிக்கலாமே?"

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. நம்மூரில் கல்விக் கடன் என்றால் வங்கிக் கடன். வங்கி கல்லூரிக்குப் பணத்தைக் கட்டிவிடும். மாணவர் படித்து முடித்த பிறகு வங்கி அவரையோ அப்பாவையோ துரத்தும். அந்தத் துரத்தல் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், இரண்டாம் ஆண்டு மாணவர் மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்காருவதை வங்கியால் தடுக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவில் 'மாணவர் கடன்' என்று போராட்டத்தில் பேசுவது பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே கொடுக்க வேண்டிய கட்டணப் பாக்கி. கடன் கொடுத்தவர் கையிலேயே வகுப்பறைச் சாவியும் இருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவர்களிடம் உள்ள வலுவான ஆயுதம் பதிவைத் தடுப்பதும் பட்டச் சான்றிதழை நிறுத்தி வைப்பதும்தான். ஆனால் அப்படிச் செய்தால் அந்த மாணவர் பட்டம் பெறாமல், நல்ல வேலைக்குப் போகாமல், கடனையும் கட்ட முடியாமல் போகிறார். அதனால் யாருக்குமே லாபமில்லை. என்னைக் கேட்டால், பழைய பாக்கியையும் புதுப் பதிவையும் பிரித்தால் பிப்ரவரிப் போராட்டங்களில் பாதி தானாக அடங்கிவிடும்.

"என்எஸ்ஃபாஸ்னு ஒண்ணு இருக்காமே, அது யாருக்கு?"

தேசிய மாணவர் நிதி உதவித் திட்டத்தின் சுருக்கம் அது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதற்கு முன் 1991-லிருந்து வேறொரு அமைப்பு சிறிய அளவில் இந்த வேலையைச் செய்துவந்தது. நாட்டின் 26 அரசுப் பல்கலைக்கழகங்களிலும் 50 அரசுத் தொழிற்கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கு இது பொருந்தும். தனியார் கல்லூரிக்குக் கிடையாது.

குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6,00,000 ராண்ட். தென்னாப்பிரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும், முதல் பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். அரசின் சமூக நல உதவித்தொகை பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வருமானத் தகுதி தானாகவே கிடைத்துவிடும். 2018-லிருந்து இது திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகை. அதற்கு முன் கடனாகத்தான் கொடுத்தார்கள். நன்றாகப் படித்தால் அதில் 40 விழுக்காடு வரை உதவித்தொகையாக மாறும். அந்தப் பழைய கடன்கள் இன்னும் பலர் பெயரில் நிற்கின்றன.

"இலவசக் கல்வின்னு அறிவிச்சுட்டாங்களே, அப்புறமும் ஏன் போராட்டம்?"

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2015 அக்டோபரில், ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் (எல்லாரும் விட்ஸ் என்பார்கள்) அடுத்த ஆண்டுக் கட்டணத்தை 10.5 விழுக்காடு உயர்த்தப் போவதாகச் சொன்னது. அக்டோபர் 14 அன்று மாணவர்கள் வாசல்களை அடைத்தார்கள். சில நாட்களில் அது நாடு முழுக்கப் பரவியது. 'கட்டணம் வீழ வேண்டும்' என்பது அந்த இயக்கத்தின் பெயரானது. அக்டோபர் 23 அன்று பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகமான யூனியன் கட்டடத்தின் முன் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அன்றே குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமா 2016-க்குக் கட்டண உயர்வு கிடையாது என்று அறிவித்தார். பல்கலைக்கழகங்களில் ஒப்பந்தத்தில் துப்புரவும் காவலும் பார்த்த தொழிலாளர்களை நிரந்தரப் பணியில் சேர்க்க வேண்டும் என்றும் அந்த மாணவர்கள் கேட்டார்கள். பல இடங்களில் அது நடந்தது. அந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நம்மூரில் இதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

2016 செப்டம்பரில், அடுத்த ஆண்டுக்கு 8 விழுக்காடு வரை உயர்த்தலாம் என்று அரசு சொன்னதும் மறுபடி வெடித்தது. இலவசக் கல்வி சாத்தியமா என்று ஆராய நீதிபதி ஹேஹர் தலைமையில் ஆணையம் அமைத்திருந்தார்கள். எல்லாருக்கும் இலவசம் என்பதற்கு அரசிடம் இப்போது பணமில்லை, வருமானத்தைப் பொறுத்துத் திருப்பிக் கட்டும் கடன் முறை நல்லது என்பது அதன் கருத்து. அறிக்கை வெளியானது 2017 நவம்பரில். அடுத்த மாதமே, டிசம்பர் 16 அன்று, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முழு உதவித்தொகை என்று ஜூமா அறிவித்தார். கல்வியாண்டு தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை.

ஆக, பல்கலைக்கழகம் இலவசமாகவில்லை. கட்டணம் அப்படியே இருக்கிறது. ஒரு பகுதி மாணவர்களுக்கு அதை அரசு கட்டுகிறது, அவ்வளவுதான். வரம்புக்கு மேலே உள்ளவர்களுக்கும் பழைய பாக்கி உள்ளவர்களுக்கும் அந்த அறிவிப்பால் பெரிய மாற்றமில்லை.

"அரசே கட்டுதுன்னா, அந்தப் பசங்க பேர்ல கடன் எப்படி வருது?"

நான் அதிகம் பார்த்தது இந்தக் கதையைத்தான். ஒரு மாணவரின் கட்டண அறிக்கையை எடுத்து வரிசையாகப் படித்தால் விஷயம் விளங்கிவிடும். மேலே போன ஆண்டு நிலுவை. அடுத்து பிப்ரவரியில் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கணினி வசதிக்கென்று ஒரு சின்னத் தொகை. ஏப்ரல், மே என்று மாதாமாதம் வட்டி. ஜூனில் என்எஸ்ஃபாஸிலிருந்து ஒரு வரவு. அப்பாடா என்று மூச்சு விட்டால், செப்டம்பரில் அதே வரவு திரும்ப எடுக்கப்பட்டதாக ஒரு வரி. காரணம், பெற்றோர் வருமானத்தைச் சரிபார்த்ததில் ஏதோ பொருந்தவில்லை என்று நிதியை நிறுத்திவிட்டார்கள். முறையிட்டுச் சரிசெய்வதற்குள் ஆண்டு முடிந்துவிடும். பாக்கி மாணவர் தலையில் நிற்கும்.

இன்னொரு வழி வாடகை. 2023-ல் தங்குமிடத்துக்கு ஆண்டுக்கு 45,000 ராண்டுக்கு மேல் தர மாட்டோம் என்று என்எஸ்ஃபாஸ் வரம்பு வைத்தது. கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பல விடுதிகளின் கட்டணம் அதைவிட அதிகம். மீதியை யார் கட்டுவது? அந்த ஆண்டுப் போராட்டங்களில் பெரிய கேள்வி இதுதான். அதே ஆண்டில் மாணவர்களின் கைச்செலவுப் பணத்தைப் பல்கலைக்கழகம் வழியாகக் கொடுக்காமல் நான்கு தனியார் நிறுவனங்களின் அட்டைகள் வழியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பணம் தாமதமானது, கட்டணப் பிடித்தம் வேறு. அந்த ஒப்பந்தங்களை ரத்து செய்ய முடிவாகி, 2024 ஏப்ரலில் என்எஸ்ஃபாஸின் ஆட்சிக்குழுவே கலைக்கப்பட்டு ஒரு நிர்வாகி நியமிக்கப்பட்டார்.

கால வரம்பும் உண்டு. படிப்பின் குறைந்தபட்சக் காலம், அதோடு ஓர் ஆண்டு. அவ்வளவுதான் நிதி. மூன்றாண்டுப் படிப்புக்கு நான்கு ஆண்டு வரை கிடைக்கும். முதல் ஆண்டில் படிப்பை மாற்றி, இடையில் ஒரு பாடத்தில் தோற்றவருக்குக் கடைசி ஆண்டு வரும்போது நிதி தீர்ந்திருக்கும். கரைக்கு ஒரு கை தூரத்தில் அவர் பெயரில் முழு ஆண்டுக் கட்டணமும் ஏறும்.

"அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களும் போராடுறாங்களே, ஏன்?"

ஆசிரியர், செவிலியர், காவலர் போன்றவர்களின் பிள்ளைகள் அவர்கள். குடும்ப வருமானம் 3,50,000 ராண்டைச் சற்றுத் தாண்டும். என்எஸ்ஃபாஸ் கிடைக்காது. வங்கியோ சொத்து, உத்தரவாதம் கேட்கும். பெரிய பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே ஆண்டுக்கு 50,000 ராண்டைத் தாண்டுவது சாதாரணம். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும். இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படித்தால் சம்பளம் எங்கே போதும்? அங்கே இவர்களை 'விடுபட்ட நடுப்பிரிவு' என்ற பொருளில் ஒரு பெயரிட்டுச் சொல்கிறார்கள்.

3,50,000-க்கு மேல் 6,00,000 வரை உள்ள குடும்பங்களுக்காக 2024-ல் அரசு ஒரு கடன் திட்டத்தை அறிவித்தது. முதலீடு 380 கோடி ராண்ட். தேவையோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். அதற்கு முன்பிருந்தே இகுசாசா என்ற தனியார்–அரசுக் கூட்டுத் திட்டம் மருத்துவம், பொறியியல், கணக்கியல் போன்ற படிப்புகளுக்கு உதவி வருகிறது. ஆசிரியர் படிப்புக்கு ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை உண்டு. எத்தனை ஆண்டு பணம் வாங்கினோமோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் பணியாற்ற வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கட்ட வேண்டும்.

"2021-ல ஒருத்தர் சுடப்பட்டுச் செத்தாரே, அவர் மாணவரா?"

இல்லை. 2021 மார்ச் 10 அன்று, விட்ஸ் அருகே பிராம்ஃபோன்டெயின் பகுதியில், பதிவு மறுக்கப்பட்ட மாணவர்கள் தெருவில் போராடிக்கொண்டிருந்தார்கள். காவல்துறை ரப்பர் குண்டுகளால் சுட்டது. அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த 35 வயதுக்காரர் இறந்துபோனார். போராட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வழக்குத் தொடரப்பட்ட நான்கு காவலர்களும் 2023-ல் விடுதலையானார்கள்.

அந்த ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. புதிதாகச் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு என்எஸ்ஃபாஸிடம் பணம் போதவில்லை. பதிவுக் காலம் ஓடிக்கொண்டிருக்க, நிதி உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. போராட்டம் உச்சத்தில் இருந்த அந்த வாரம்தான் அமைச்சரவை கூடி, வேறு தலைப்புகளிலிருந்து பணத்தை ஒதுக்கியது. முதலாண்டுப் பதிவும் இரண்டு வாரம் நீட்டிக்கப்பட்டது. டிசம்பரிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஓர் உயிர் போன வாரத்தில் செய்தார்கள் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய பேராச்சே. அவங்களுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?"

உண்டு. இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு 1961-ல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி தொடங்கியது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தமிழ்க் குடும்பத்தார் உட்பட, படகில் போய்ப் படித்த இடம் அது. பின்னால் அது டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகமானது. அங்கே தமிழும் கற்பித்தார்கள். நிறவெறி முடியும் தறுவாயிலேயே கறுப்பின மாணவர்கள் பெருமளவில் சேரத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் ஏழைகள்.

2000-ஆம் ஆண்டு மே 16 அன்று, கட்டணம் கட்ட முடியாத மாணவர்களை வெளியேற்றுவதை எதிர்த்து அந்த வளாகத்தில் போராட்டம் நடந்தது. காவல்துறை சுட்டதில் ஒரு மாணவர் இறந்தார். 2004-ல் அந்தப் பல்கலைக்கழகம் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகமானது. 2015-க்குப் பதினைந்து ஆண்டு முன்பே இதே கோரிக்கைக்கு உயிர் போயிருக்கிறது. அதனால் இது திடீரென்று கிளம்பிய கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஃபீ பிளாக் ஆயிடுச்சு, கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கு. முதல்ல என்ன செய்யணும்?"

முதலில் கட்டண அறிக்கையை எடுத்து, மேலே சொன்ன மாதிரி வரி வரியாகப் படிக்க வேண்டும். பாதிப் பேர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுகிறார்கள். வர வேண்டிய வரவு வராமல் இருக்கலாம், ரத்தான பாடத்துக்குக் கட்டணம் ஏறியிருக்கலாம். என்எஸ்ஃபாஸ் உள்ளவர் என்றால் அதன் இணையக் கணக்கில் நிதி நிலை என்ன என்பதையும் அதே நாள் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். என்எஸ்ஃபாஸ் தகுதியுள்ளவர்களிடம் முன்பணம் கேட்கக் கூடாது. பழைய பாக்கி இருந்தாலும் கடன் ஒப்புகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வழி உண்டு. இது தெரியாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிதி உதவி அலுவலகத்துக்குப் போகும்போது எல்லாக் காகிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோக வேண்டும். அடையாள அட்டை நகல், பெற்றோர் சம்பளச் சீட்டு, போன ஆண்டு மதிப்பெண். அம்மாவுக்கு வேலை போய்விட்டது, அப்பா தொடர்பில் இல்லை என்றால் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதற்கு வக்கீலுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் இலவசமாக முத்திரை வைத்துத் தருவார்கள். காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும் அலுவலகத்தில், ஒரு பத்திரம் குறைந்தால் அந்த நாள் போச்சு.

அதோடு எஸ்ஆர்சி என்று சொல்லப்படும் மாணவர் பேரவையிடம் பெயர் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தோடு அவர்கள் பேசும்போது கையில் பட்டியல் இருந்தால்தான் பேச்சுக்கு வலு. தள்ளுபடி, சிறப்பு நிதி, கால நீட்டிப்பு என்று ஏதாவது கிடைத்தால் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் முதலில் தகவல் வரும். பாடத்துறைக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதி, பதிவு முடியும் வரை வகுப்பில் உட்கார அனுமதி கேட்கலாம். எல்லாரிடமும் எழுத்தில் பேசுங்கள். "சார் வாயால சொன்னார்" என்பது மார்ச் மாதத்தில் செல்லாது.

"கடன் ஒப்புகைப் பத்திரத்துல கையெழுத்துப் போடலாமா? பயமா இருக்கே?"

படிப்பைத் தொடர அது ஒன்றே வழி என்றால் போடலாம். ஆனால் படித்துவிட்டுப் போட வேண்டும். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: தொகை சரியா, வட்டி எவ்வளவு, மாதத் தவணை எப்போது தொடங்குகிறது. பெற்றோரும் கையெழுத்திட்டால் அவர்களும் கடனாளி ஆகிறார்கள்.

கொஞ்சம் சட்டம். அங்கே சாதாரணக் கடனுக்குக் காலாவதி மூன்று ஆண்டு. அதற்குள் கடன்காரர் வழக்குப் போடவில்லை, கடனாளியும் கடனை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கடன் செல்லாமல் போகலாம். ஆனால் ஒப்புகைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு புதிதாக எண்ணப்படும். படிப்பைத் தொடர்பவருக்கு இது பொருட்டல்ல. படிப்பை விட்டு ஆறு ஆண்டு கழித்து வசூல் முகவர் போனில் "ஐம்பது ராண்டாவது கட்டுங்க" என்று கேட்டால் மட்டும், சம்மதிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். ஐம்பது ராண்ட் கட்டினாலும் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். வட்டிக்கும் எல்லை உண்டு. நிலுவை வட்டி அசலைத் தாண்டி வளரக் கூடாது என்பது அங்குள்ள பழைய சட்ட விதி. விட்ஸ், கேப் டவுன் உட்படப் பல பல்கலைக்கழகங்களில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. அவர்களிடம் காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

"பணம் இல்ல. போறதை நிறுத்திட்டா கடனும் நின்னுடும்தானே?"

நிற்காது! பதிவு செய்துவிட்டு மே மாதத்தில் ஊருக்குப் போய்விட்டால் முழு ஆண்டுக் கட்டணமும் ஏறும். எல்லாப் பாடத்திலும் தோல்வி என்றும் பதியும். பின்னால் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் அந்தத் தோல்வி குறுக்கே வரும்.

விட வேண்டிய நிலை என்றால் முறையாகப் பதிவை ரத்து செய்யும் படிவம் கொடுக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு கட்டணம் குறையும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அட்டவணை வைத்திருக்கிறது. அந்தத் தேதியைத் தவறவிட்டு, படிக்காத ஆண்டுக்குக் கடன் சுமப்பவர்கள் ஏராளம். இடத்தைத் தக்கவைக்க ஓராண்டு விடுப்புக் கேட்கவும் வழி உண்டு.

"படிச்சு முடிச்சாச்சு. பாக்கி இருக்குன்னு டிகிரியைக் கொடுக்க மாட்டேங்கிறாங்க. வேலைக்கு என்ன காட்டுறது?"

சில இடங்களில் பட்டமளிப்பு விழாவில் நடக்க விடுவார்கள், சான்றிதழ் மட்டும் கைக்கு வராது. பல பல்கலைக்கழகங்கள், பட்டத்துக்கான எல்லாத் தகுதியும் நிறைவேறிவிட்டது என்று வேலை கொடுப்பவருக்கு ஒரு கடிதம் தரும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் தானாகத் தர மாட்டார்கள். வேலை கிடைத்த பிறகு, பணி நியமனக் கடிதத்தைக் காட்டித் தவணை பேசலாம்.

2018-க்கு முந்தைய என்எஸ்ஃபாஸ் கடன் தனிக் கணக்கு. அது பல்கலைக்கழகப் பாக்கியில் சேராது. ஆண்டுக்கு 30,000 ராண்ட் சம்பாதிக்கத் தொடங்கியதும் வருமானத்தில் 3 விழுக்காட்டில் தொடங்கி அதிகபட்சம் 8 விழுக்காடு வரை கட்ட வேண்டும்.

"போராட்டத்துல கலந்துக்கிட்டா படிப்பு போயிடுமா? கைது ஆனா?"

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தரும் உரிமை. பதினைந்து பேருக்கு மேல் பொது இடத்தில் கூடினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் தெரிவிக்கவில்லை என்பதற்காகவே ஏற்பாட்டாளரைக் குற்றவாளியாக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. கைது ஆனால் 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க உரிமை உண்டு. SERI என்று அழைக்கப்படும் சமூகப் பொருளாதார உரிமை நிறுவனம் மாணவர்களுக்காக வழக்காடியிருக்கிறது.

படிப்புக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு பக்கத்திலிருந்து வரும். பல்கலைக்கழகம் உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி வைத்திருக்கும். அதை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. ஒழுங்கு விசாரணையில் இடைநீக்கமும் வரலாம். வளாகத்தில் என்ன தடையாணை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

"சரி, ஆனா வகுப்பை மறிச்சா, படிக்க வந்த ஏழைப் பிள்ளைக்கும்தானே நஷ்டம்?"

நஷ்டம்தான். 2016-ல் பல வளாகங்கள் வாரக்கணக்கில் மூடின. நூலகங்களும் வாகனங்களும் எரிந்தன. அதை நான் ஆதரிக்கவில்லை. கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு நூலகம் எரிவது இரட்டை இழப்பு.

ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். டிசம்பரில் மனு கொடுத்த மாணவர் பேரவைக்குப் பதில் வருவதில்லை. பிப்ரவரியில் வாசலை அடைத்த பிறகுதான் பேச்சு தொடங்குகிறது, பதிவு நீள்கிறது, நிதி கிடைக்கிறது. 2015-லும் அப்படித்தான், 2021-லும் அப்படித்தான். அடைத்தால்தான் நடக்கும் என்ற பாடத்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அரசும் நிர்வாகமும். இன்னொரு பக்கமும் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கும் அரசு மானியம் தேவைக்கு ஏற்ப வளரவில்லை. கட்டணம் வராவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாது. துணைவேந்தர்கள் சொல்லும் அந்தக் கணக்கு பொய்யில்லை.

"நாங்க ஜோபர்க்ல வேலை விசாவுல இருக்கோம். எங்க பொண்ணுக்கு இதெல்லாம் பொருந்துமா?"

வேலை விசாவில் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு என்எஸ்ஃபாஸ் கிடையாது. நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டால் விண்ணப்பிக்கலாம். ஆனால் வருமான வரம்பு அப்போதும் உண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதிகம். பெரும் பகுதியைப் பதிவுக்கு முன்பே கட்டச் சொல்வார்கள். அக்டோபரிலேயே பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் தொகையையும் தேதியையும் கேட்டுவிடுங்கள். படிப்பு அனுமதி விசாவும் மருத்துவக் காப்பீடும் கையில் இல்லாமல் பதிவு நடக்காது.

"இங்கிருந்தே ஒரு மாணவருக்கு உதவணும்னா எப்படி?"

சமூக ஊடகத்தில் வரும் வங்கிக் கணக்கு எண்ணுக்கு அனுப்பாதீர்கள். உண்மையான கஷ்டமாகவே இருந்தாலும், கைக்குப் போன பணம் வாடகையிலும் சாப்பாட்டிலும் கரைந்துவிடும், பிளாக் அப்படியே நிற்கும். தெரிந்த மாணவர் என்றால் கட்டண அறிக்கையைக் கேட்டு வாங்கி, பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அவருடைய மாணவர் எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டலாம். தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் 2017-ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் (Feenix) என்ற இணையத்தளம் இருக்கிறது. மாணவர்கள் அங்கே தங்கள் பாக்கியைப் பதிந்து நன்கொடை கேட்கிறார்கள், பணம் பல்கலைக்கழகத்துக்கே போகிறது.

எப்போது தருகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். போராட்டச் செய்தி படித்து மார்ச்சில் அனுப்புகிற பணம் பலருக்குப் பதிவு மூடிய பிறகுதான் போய்ச் சேருகிறது. ஜனவரி கடைசிக்குள் கட்டிவிட்டால், அதே தொகையில் ஒருவர் அந்த ஆண்டே வகுப்பில் உட்காருவார்.